குதிங்கால்

படக்காரர்கள் கங்கைகொண்டானுக்கு வந்தபோது
ஆள் பிடித்துக் கொடுத்தவன் நான்.
"ஒரிஜினல் வடக்கத்தி ஆளுங்களா வேணும்ணே,
நடிக்கத் தெரியக் கூடாது" என்றார் மேனேஜர்.
சிப்காட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில்
பதினாறு பேர் இருந்தார்கள்.
நாளைக்குத் தலைக்கு ஐநூறு பேசினார்கள்.
நானூறு என்று சொல்லி அழைத்துப் போனேன்.

முதல் நாளே சிக்கல்.
ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டு வந்துவிட்டார்கள்,
எண்ணெய் வைத்து வகிடெடுத்து.
துகிஷ்யாம் நாயக் பவுடர்கூடப் பூசியிருந்தான்.
சினிமா என்றால் சும்மாவா.
உடைக்காரர் புது லுங்கிகளைத்
தேயிலைத் தண்ணீரில் முக்கி
கல்லில் அடித்து அழுக்காக்கினார்.
பக்கத்துக் கொடியில் அசல் அழுக்கு
துவைத்தும் போகாமல் காய்ந்துகொண்டிருந்தது.
அதை யாரும் கேட்கவில்லை.

நாயகன் சென்னைப் பையன்.
ஒடிசாக்காரனாக நடிக்க
மூன்று மாதம் இந்தி படித்தானாம்.
துகிஷ்யாமிடம் பேசிப் பார்த்தான்.
துகிஷ்யாம் என்னைப் பார்த்தான்.
"அண்ணாச்சி, இவிய என்ன சொல்லுதாவ?"

மழைக் காட்சிக்கு லாரித் தண்ணீர்.
சித்திரை மாதம், குழாயில் காற்று மட்டும் வரும் காலம்.
நாயகன் முழங்காலிட்டு வானத்தைப் பார்த்து அழ,
கேமராவுக்கு எட்டாத இடத்தில்
ஒன்பது பெயிண்ட் வாளிகள்
அந்த மழையைப் பிடித்துக்கொண்டிருந்தன.
"கட்" என்றதும்
இன்னும் கொஞ்சம் பெய்யட்டும் என்று
ஒருத்தன் கை காட்டினான்.

நாலாம் நாள் தூங்கும் காட்சி.
"படுங்க. அசையாதீங்க. அவ்வளவுதான்."
படுத்தார்கள்.
முந்தின ராத்திரி தாழையூத்தில்
கான்கிரீட் போட்டுவிட்டு நேராக வந்தவர்கள்.
கேமரா ஒவ்வொரு காலாக நகர்ந்தது.
ஓகே என்றார்கள், கை தட்டினார்கள்.
ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை.
விளக்கை அணைத்து, ஒயரைச் சுருட்டி,
அவர்களைத் தாண்டித் தாண்டிச்
சாமான்களை வேனில் ஏற்றினார்கள்.
டைரக்டர் மட்டும் கொஞ்ச நேரம் நின்றார்.
பிறகு அவரும் காரில் ஏறினார்.

ஐப்பசியில் படம் வந்தது.
அதற்குள் ஏழு பேர் திருப்பூர் போய்விட்டார்கள்.
இரண்டு பேர் எங்கே என்று தெரியாது.
ஜங்ஷனில் சாயங்கால ஆட்டம்.
துகிஷ்யாமுக்கு டிக்கெட் நான்தான் எடுத்தேன்,
நூற்று முப்பது.
ஏன் எடுத்தேன் என்று கேட்காதீர்கள்.

இடைவேளை தாண்டியும் அவன் முகம் வரவில்லை.
மழை வந்தது. நாயகன் அழுதான்.
பின்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.
அப்புறம் கால்கள்.
ஐந்தாவது கால்,
சிமெண்டு தின்ற குதிங்கால்,
தண்ணி வற்றிய மானூர்க் குளமாக வெடித்து
திரை முழுக்கக் கிடந்தது.

"என் காலு!" என்று எழுந்துவிட்டான்.
"ஏலே, உக்காருல" என்றது இருட்டு.
மகளுக்கு அனுப்பப் போனை உயர்த்தினான்.
டார்ச்சோடு வந்த பையன் பிடுங்கி,
எடுத்ததை அழித்து, திருப்பிக் கொடுத்தான்.
படத்தைத் திருடுகிறானாம்.

வெளியே, ஈரடுக்குப் பாலத்துக்குக் கீழே,
விளக்கு வெளிச்சத்தில் செருப்பைக் கழற்றி
சுவரைப் பிடித்துக்கொண்டு
குதிங்காலைத் திருப்பிக் காட்டினான்.
"எடுங்க அண்ணாச்சி."
எடுத்தேன். அனுப்பினான்.
பலாங்கீரில் பிள்ளை விழித்திருந்தாள் போல,
உடனே பதில்.
"என்ன சொல்லுதா?"
"களிம்பு போடச் சொல்லுதா."

நாலு நாளைக்கு நானூறு.
அதில் நூற்று முப்பது போனால்
இன்னும் இருநூற்று எழுபது.
சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன்.
பஸ் வந்துவிட்டது.
கூட்டத்தில் எனக்கு முன்னால் ஏறி
இடம் பிடித்து வைத்திருந்தான்.
கண்டக்டரிடம் நோட்டை நீட்டி
"கங்கைகொண்டான் ரெண்டு" என்றான்.